கட்டிக் கட்டி இடிக்கிற பையன்

வாருங்கள் அம்மா, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம். அதன் ஒரு கால் நம்பத் தகுந்தது அன்று. இதில் உட்காருங்கள். பெரம்பலூரிலிருந்து இந்த வெயிலில் பேருந்திலா வந்தீர்கள்? பெண்ணுக்குப் பெரியப்பா மகள் என்றீர்கள். அப்படியானால் பூபதி உங்களுக்குச் சித்தப்பா. நல்லது. தங்கைக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் வந்து விசாரிப்பது இந்தக் காலத்தில் அரிது.

சொர்ணம், காபி கொண்டு வா.

உங்கள் சித்தப்பா தொலைபேசியில் கேட்டார், நான் சொன்னேன். "நவநீதன் உங்க ஆபீஸ்தானாமே சார், பையன் எப்படி?" என்றார். நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "காலையில் கட்டுவதை மதியத்துக்குள் இடித்துவிடுவான், அவன் கையில் எதுவும் நிலைத்து நிற்காது." அவ்வளவுதான். அதைக் கேட்டு அவர் நிச்சயதார்த்தத்தையே நிறுத்திவைப்பார் என்று நான் கண்டேனா? பெண் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் யாரையும் குறை கூறுகிறவன் அல்லன். நடந்ததைக் கூறுகிறவன்.

முழுவதும் கேட்டுக்கொண்டு போய் வீட்டில் சொன்னால்தான் சம்பந்தம் நிற்குமா, நடக்குமா என்பது தெரியும் என்கிறீர்கள். கேளுங்கள். ஆனால் இடையில் ஐயம் வந்தால் உடனே கேட்டுவிட வேண்டும். தலையை மட்டும் ஆட்டுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

நான் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சேர்க்கைப் பதிவேடு என் பொறுப்பு. அந்தப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயர் ஏறிவிட்டால் ஏறியதுதான். அழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, வெள்ளை மை தடவக்கூடாது. பிழையானால் சிவப்பு மையால் ஒரு கோடு, மேலே திருத்தம், பக்கத்தில் தலைமையாசிரியர் சுருக்கொப்பம். பள்ளிக்குத் தீப்பிடித்தால் முதலில் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பதிவேடு என்றுதான் சொல்வேன்.

என் மனைவி உள்ளிருந்து ஏதோ சொல்கிறாள். காதில் விழுந்ததா? "என்னைத் தூக்க மாட்டாராம், கேட்டுக்கோம்மா" என்கிறாள். அவளுக்குக் கால் இருக்கிறது; அவளே ஓடி வருவாள். பதிவேட்டுக்குக் கால் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, தில்லைநகரில் ரெஜினா மேடம் நடத்தும் மென்பொருள் நிறுவனத்தில் ஆலோசகராக என்னை அழைத்தார்கள். பள்ளி அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்கிறார்கள். மாணவர் சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், எல்லாம் கணினியில். அங்கே வேலை செய்கிறவர்களில் எவரும் பள்ளி அலுவலகத்துக்குள் அபராதம் கட்டுவதற்கன்றி நுழைந்ததில்லை. ஆகவே நான் தேவைப்பட்டேன்.

முதல் நாள் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவன் நவநீதன். பணிவான பையன்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. "சார், டெஸ்ட் பண்றதுக்கு மாதிரிப் பசங்க வேணும் சார். ஒரு வகுப்புக்கு நீங்களே கற்பனையாப் போட்டுத் தந்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்றான். அதுவரை அவர்கள் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? ஏ, பி, சி என்று மூன்று மாணவர்கள். மூவருக்கும் ஒரே பிறந்த தேதி. மூவருக்கும் ஒரே தகப்பன். நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன்: "தம்பி, இது பள்ளியா, பிரசவ விடுதியா?"

ஒரு வாரம் உட்கார்ந்து ஒரு வகுப்பையே படைத்தேன். வானமாமலை, குருவம்மாள், ஜெபராஜ், மும்தாஜ் பேகம் என்று ஒவ்வொருவருக்கும் தகப்பன், தாய், தொழில், முகவரி, தடுப்பூசி விவரம். அங்க அடையாளம் இரண்டு வேண்டும் அல்லவா? குருவம்மாளுக்கு இடது முழங்கையில் ஒரு மச்சம், வலது புருவத்தில் ஒரு தழும்பு. தழும்பு எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியும், ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். அதற்குக் கட்டம் இல்லாததால் பதியவில்லை.

நவநீதன் பார்த்து அசந்துபோனான். "சார், மச்சம் வரைக்கும் போட்டிருக்கீங்க!" என்று நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். எனக்கு மகிழ்ச்சிதான். மதியம் உணவு முடித்து வந்து, "எங்கே தம்பி, நம் பிள்ளைகளைத் திரையில் ஒருமுறை காட்டு" என்றேன்.

"அது போயிடுச்சு சார்" என்றான்.

"எங்கே போயிற்று?"

"சர்வரையே அழிச்சாச்சு சார்."

முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை அம்மா. எச்சில் இலையை எடுத்துப் போட்டவனைப் போலச் சொன்னான்.

விளக்கினான். டேட்டாபேஸ் சர்வர் என்றால் மென்பொருள் தன் பதிவுகளையெல்லாம் வைத்துக்கொள்ளும் இடம். நம் அலுவலகத்து இரும்பு பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும், தானாக ஒரு புதுப் பீரோ பிறக்கும். அதில் தட்டுகள் தானே அமையும். என் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்க்கை பெறுவார்கள். வருகை பதிவாகும். வானமாமலை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவான். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை, தவறென்றால் சிவப்பு. பச்சையோ சிவப்போ, முடிந்தவுடன் பீரோவோடு எல்லாவற்றையும் ஒழித்துவிடுவார்கள். மூன்று நிமிடம். ஒரு பள்ளியின் பிறப்பும் இறப்பும் மூன்று நிமிடம். ஒரே நாளில் எத்தனையோ தடவை குருவம்மாள் சேர்ந்து சேர்ந்து ஒழிந்தாள். மச்சத்தோடு.

"எதுக்கு சார் வச்சுக்கணும்? டெஸ்ட் முடிஞ்சா வேலை முடிஞ்சுது" என்கிறான். இதை ஏற்பாடு செய்தவனே அவன்தான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

என்ன சொன்னீர்கள்? மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்திலா வேலை? ஓகோ. ஒருவருடைய இரத்தம் எடுத்த குழாயில் அடுத்தவர் இரத்தத்தை ஊற்ற மாட்டோம் என்கிறீர்கள். அது இரத்தம் அம்மா. இது பதிவேடு. இரண்டும் வேறு. நீங்களும் அவனைப் போலவே பேசுகிறீர்கள். உங்கள் தங்கையும் இப்படித்தான் பேசுவாளா? பேசுவாளா! சரிதான்.

நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நேராக ரெஜினா மேடத்திடம் சென்றேன். "அம்மையீர், நிலையான ஒரு சர்வர் வேண்டும். பிள்ளைகள் அதில் ஆண்டு முழுவதும் படிக்கட்டும். உண்மையான பள்ளி அப்படித்தானே இருக்கிறது? தவிரவும், புதிது புதிதாகக் கட்டுவதற்காக எல்லாரும் ஒவ்வொரு தடவையும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்" என்றேன். காத்திருப்பது என்ற சொல் மேடத்துக்கு ஆகாது. உடனே நவநீதனை அழைத்தார்.

"சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கே நவநீதன். ஒன்னு நிரந்தரமா வச்சு, எல்லா டெஸ்ட்டையும் அதுலயே ஓட்டுங்களேன்."

"மேடம், பழசு ஒட்டிக்கிட்டே இருக்கும் மேடம். நேத்து செஞ்சது இன்னைக்கு டெஸ்ட்டை ஏமாத்தும்" என்றான்.

"கொஞ்ச நாள் பார்ப்போமே."

"சரிங்க மேடம்."

மறுபேச்சுப் பேசவில்லை. செய்துகொடுத்தான். அதோடு, "சார், இது உங்க சர்வர். ஒன்னே ஒன்னு மட்டும். எது சிவப்பாச்சுன்னாலும் நீங்க உள்ள போய்க் கை வைக்காதீங்க, என்னக் கூப்பிடுங்க" என்றான். சொன்னானா என்றால் சொன்னான். நான் மறைக்கவில்லை.

முதல் நாள் பச்சை. மறுநாள் சிவப்பு. என்னவென்று பார்த்தால், வானமாமலை முதல் நாளே சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் அவனுக்குச் சான்றிதழ் கொடுக்க முயன்ற மென்பொருள், "இம்மாணவர் பள்ளியில் இல்லை" என்றது. உண்மைதானே? இல்லாதவனுக்கு எப்படிக் கொடுக்கும்? இதற்கெல்லாம் போய் ஒருவனைக் கூப்பிடுவதா? தினமும் காலையில் எல்லாரும் வருவதற்கு முன்பே போய், வானமாமலையை நானே திரும்பச் சேர்த்துவிடுவேன். போனவனைச் சேர்ப்பேன், விடுபட்டதை நிரப்புவேன், நேற்று மிச்சம் கிடந்ததை ஒழுங்கு செய்வேன். பிறகு டெஸ்ட் ஓடும், பச்சை. யாராவது என்னைக் கேட்டுக்கொண்டார்களா? ஒருவருமில்லை. நானாகச் செய்தேன்.

இதற்கிடையில், கல்வியாண்டை வைக்கும் இடத்தை மாற்றியமைத்தார்கள். மாற்றிய பெண், புதிய இடத்தில் ஆண்டை எழுதிக்கொள் என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்துவிட்டாள். நவநீதன் அன்று ஊரில் இல்லை. தாயாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று மதுரைக்குப் போயிருந்தான். திரை முழுவதும் சிவப்பு. "கல்வியாண்டு இல்லை, கல்வியாண்டு இல்லை" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. விஜயதசமியன்று ஒரு புதிய பள்ளி இந்த மென்பொருளோடு சேர்க்கையைத் தொடங்க இருந்தது. மேடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

நான் என்ன செய்தேன்? சர்வருக்குள் சென்றேன். கல்வியாண்டுக்கான கட்டம் காலியாக இருந்தது. என் கையாலேயே பதிந்தேன். அடுத்த நொடி எல்லாம் பச்சை! மேடம் எனக்குப் பாதாம்பால் வரவழைத்துக் கொடுத்தார்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பாதாம்பாலுக்கா? இல்லையா? பிறகு? பரவாயில்லை, சிரித்து முடியுங்கள். என் பணிக்காலம் முழுவதும் ஆசிரியர்கள் விட்டுவிட்ட கட்டங்களை நான்தான் நிரப்பினேன். பிறந்த தேதி இல்லையா, தாயாரைக் கூப்பிட்டுக் கேட்டு நிரப்புவேன். இரத்த வகை இல்லையா, நிரப்புவேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர்கூட வாய் திறந்ததில்லை. எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கும் போது அவர் எதைக் கேட்பார்?

காபி வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். சொர்ணம், அந்தப் பெண்ணை ஏன் அப்படி உற்றுப் பார்க்கிறாய்? "பூ வச்சுக்கிறியாம்மா" என்று கேட்கிறாள் பாருங்கள். விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் பூக் கொடுக்கிற வழக்கம் இந்த வீட்டில் எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. வைத்துக்கொள்ளுங்கள். சொல்வதைக் கேளுங்கள்.

விஜயதசமி. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அந்தப் புதுப் பள்ளி, பெயர் வேண்டாம். நிறுவனத்தின் சார்பில் நான் போயிருந்தேன். நல்ல நேரம் முடிவதற்குள் சேர்த்துவிட வேண்டுமென்று, பட்டுப்பாவாடையும் வேட்டியுமாகப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் தாண்டி வரிசை நிற்கிறது. தாளாளர் கணினிக்குக் கற்பூரம் காட்டி முதற்குழந்தையின் பெயரை அடித்தார். "கல்வியாண்டு இல்லை" என்றது. மறுபடி அடித்தார். இல்லை என்றது. குழந்தையை மாற்றிப் பார்த்தார்கள். இல்லை என்றது.

தாளாளர் என்னைப் பார்த்துக் கத்துகிறார். "என்னங்க இது? பச்சப் புள்ளைங்கள நிக்க வச்சுக்கிட்டு! அரை மணியில நல்ல நேரம் முடியுது. இன்னைக்குத் திரும்பிப் போற புள்ள நாளைக்கு வருமா? பக்கத்து ஸ்கூலுக்குப் போயிடும்! ஆரம்பிக்கிற அன்னைக்கே என் பள்ளிக்கூடத்த மூடிடுவீங்க போலிருக்கே!"

நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் அலுவலகத்தில் எல்லாம் பச்சையாகத்தானே இருந்தது!

மதுரையிலிருந்து திரும்பியிருந்த நவநீதன் பைக்கில் வந்து சேர்ந்தான். திரையைப் பார்த்தான். மடிக்கணினியைத் திறந்து என் சர்வரைப் பார்த்தான். சற்று நேரம் அதையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரே ஒரு முறை. கோபமாகவா என்கிறீர்கள்? இல்லை அம்மா. வீட்டில் பெரியவர்கள் தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் ஒரு பார்வை பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

பிறகு தாளாளரிடம் சென்றான். "சார், தப்பு எங்க பக்கம்தான். டெஸ்ட்டுக்குப் பொறுப்பு நான்தான் சார். இன்னைக்கே சரி பண்ணிடுறேன். என்னத் திட்டுங்க, இவருக்கு இதுல சம்பந்தமில்ல" என்றான். கவனித்தீர்களா? அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். இந்தக் காதால் கேட்டேன். அதனால்தான் சொல்கிறேன், நான் இட்டுக்கட்டவில்லை.

என்னிடம் வந்து, "சார், உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நல்ல நேரத்துக்குள்ள பேரை மட்டும் தாள்ல ஏத்திடுங்க சார், மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழந்தையாக என் எதிரில் நிறுத்தி, பெயர் கேட்டு, எழுதி, கையில் ஒரு கற்கண்டு கொடுத்து அனுப்பினேன். ஒரு குழந்தைகூடத் திரும்பிப் போகவில்லை. தாளாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று நான் மட்டும் இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் மானம் கொள்ளிடத்தோடு போயிருக்கும்.

திரும்பவும் சிரிப்பா? நல்ல குடும்பம்.

அவன் அந்த வேளையில் என்ன செய்தான் தெரியுமா? வகுப்பறைத் தரையில் சம்மணமிட்டு, பழையபடி புத்தம் புதிதாக ஒரு தற்காலிகச் சர்வரைப் பிறப்பித்தான். அதிலும் சிவப்பு. "அப்பாடா, மாட்டிக்கிச்சு!" என்று துள்ளினான். பிழையைக் கண்டு மகிழ்கிற ஒருவனை நான் அன்றுதான் பார்த்தேன். நிரலைத் திருத்தினான், அந்தச் சர்வரை இடித்தான், இன்னொன்றைக் கட்டினான். பச்சை. அதையும் இடித்தான். திருந்திய மென்பொருளைப் பள்ளிக் கணினியில் ஏற்றி, நான் எழுதியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அவனே பதிந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். காலையிலிருந்து ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் மேடம் எல்லாரையும் உட்காரவைத்து, "யாரால ஆச்சு?" என்றார். நிரலை மாற்றிய பெண் அழத் தயாராக இருந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நவநீதன் எழுந்து, "ஏற்பாட்டுல ஓட்டை இருந்துச்சு மேடம். அந்த ஓட்டையை நான் அடைச்சிருக்கணும்" என்றான். அவனுக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. இப்போது சொல்லுங்கள். நிறுவனமே ஒருவனைப் பொறுப்பாக்கிய பின், உங்கள் சித்தப்பா கேட்டால் நான் எதைச் சொல்வது?

என் சர்வரை மூடிவிட்டார்கள். மறுபடியும் மூன்று நிமிடப் பள்ளிக்கூடம்தான். மூடுவதற்கு முன்பு என்னிடம் வந்து, "சார், வருத்தப்படாதீங்க. பசங்க எங்கயும் போகல. பட்டியல் பத்திரமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் அவங்கதான் முதல்ல வர்றாங்க" என்றான். குருவம்மாளுக்கும் ஒரு சான்றிதழ் அடித்து, அதில் மச்சம் சரியாக அச்சாகிறதா என்றும் சோதிக்கும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறானாம். மச்சம் விட்டுப்போனால் சிவப்பு. இதை மட்டும் நல்ல ஏற்பாடு என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி, இடிப்பது இடிப்பதுதான்.

கேளுங்கள். ஐயம் வந்தால் கேட்கத்தானே சொன்னேன்.

கல்வியாண்டை நான் பதிந்தது அவனுக்குத் தெரியுமா என்றா?

தெரிந்திருக்கும். யார், எப்போது, எதைப் பதிந்தார்கள் என்பது சர்வரில் இருக்கும். பள்ளியில் அன்று அதைத்தான் பார்த்திருப்பான். அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? காலியாக இருந்தது, நிரப்பினேன்.

சொர்ணம், உன்னை யாரும் கேட்கவில்லை.

மேடத்திடம் அவன் சொன்னானா என்றால்... இல்லை. இதுவரை ஒருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வந்திருக்கும். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

போதும் என்கிறீர்களா? இனிமேல்தான் அவன் காலணியை எப்படிக் கழற்றிப் போடுவான் என்று சொல்ல இருந்தேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டுமா? சரி, பேசுங்கள். உள்ளே போய்ப் பேச வேண்டாம், இங்கேயே பேசுங்கள். அந்த அறையில் சிக்னல் கிடைக்காது.

...

என்ன சொன்னாய்? யாரை அழைத்தாய்? "அப்பா, நான் கட்டிக்கிறேன்" என்றா சொன்னாய்?

அடி பெண்ணே! நீதானா அது? பெரியப்பா மகள் என்றாயே! இவ்வளவு நேரமும் உன்னைப் பற்றி உன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேனா? சொர்ணம், உனக்கு முன்பே தெரியுமா? பார்த்தவுடனேயா? பின்னே ஏன் வாய் திறக்கவில்லை?

என்னிடம் ஏன் நீட்டுகிறாய்? நான் என்ன பேசுவது? சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று. சரி, கொடு.

வணக்கம். கலியபெருமாள் பேசுகிறேன். ஆமாம், இங்கேதான் இருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாள், பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை ஐயா, நான் சொன்னது பொய்யன்று, இடிக்கத்தான் செய்கிறான். அது அவன் வேலை. ஆமாம், உங்கள் மகளுக்கு எல்லாம் சொன்னேன். முழுவதும் சொன்னேன். சிரித்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

என்ன கேட்டீர்கள்? இன்னொரு முறை சொல்லுங்கள்.

என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் கொடுப்பேனா என்றா?

சொர்ணம், அந்த மின்விசிறியை நிறுத்து, காதில் விழவில்லை.

...

கொடுப்பேன் ஐயா. எனக்குத்தான் பெண் இல்லை. இருந்திருந்தால் உங்களை முந்திக்கொண்டு கொடுத்திருப்பேன். காரணமா? காரணம் கேட்காதீர்கள். அது அலுவலக விவகாரம், வெளியில் சொல்லக்கூடாது.